மூன்று குப்பி மலமும் ஒரு விதியும்

“காய்ச்சல் விட்டு, அறிகுறிகள் தணிந்து, குறித்த நாட்கள் கழிந்த நோயாளியைத் தனிமையிலிருந்து விடுவிக்கலாம். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் நீங்கலாக மற்றவர்களுக்கு மறுசோதனை தேவையில்லை.”

நான் படுத்திருந்த தனிமை அறையின் கதவில், உள்பக்கமாக, பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டியிருந்த வழிகாட்டியின் நான்காவது பத்தி இது. மலாய் மூலம் அவர்களுடையது, தமிழ் என்னுடையது. அறையில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. அதை அச்சடித்து, உறையிட்டு, கோணாமல் ஒட்டி வைத்திருந்த மருத்துவமனையில், அதைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பது பிறகு தெரிந்தது.

மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்களுடைய வழக்கறிஞர் வருவார். எழுதாவிட்டால் அவர்களே தங்களை அடையாளம் கண்டுகொண்டு உள்ளுக்குள் புழுங்குவார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், என் மனைவி சரசுவின் பெயரைத் தவிர. தன் பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டாள், விட்டுவிட்டேன்.

நான் நகராண்மைக் கழகத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் உணவுக் கடைகளை முன்வாசலைவிடப் பின்வாசல் வழியாக அதிகம் அறிந்தவன். எலி, கரப்பான், சாக்கடை, சமையல்காரர்களின் மலம், இவைதான் என் உத்தியோகம். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. குடல் காய்ச்சல் என்னும் டைபாய்டு வந்து குணமான ஒரு சமையல்காரர், மலத்தில் கிருமி தொடர்ச்சியாக மூன்று முறை இல்லை என்று முடிவு வந்தால்தான் மறுபடியும் கரண்டியைத் தொடலாம். அந்தக் கிருமி மலத்திலேயே உயிரோடு குடியிருக்கும், கை வழியாகச் சோற்றுக்குப் போகும். அதனால் அந்த விதி. அதைச் செயல்படுத்தியதற்காக என்னைத் திட்டியவர்கள் இந்தத் தீவில் ஏராளம்.

நோய் வந்த கதை சாதாரணமானது. தொண்டை வலி, காய்ச்சல், பிறகு மூச்சிரைப்பு. கொரோனாவை இப்போது யாரும் மதிப்பதில்லை, சளி மாதிரி வந்து போகிற விருந்தாளி என்று நினைக்கிறார்கள். எனக்கு வந்த விருந்தாளி நுரையீரலில் பாய் விரித்துப் படுத்துவிட்டார். கடலுக்கு அந்தப்பக்கம் பெருநிலத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து என் மகள் கவிதா பாலத்தைக் கடந்து வந்து, என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தாள். விரலில் மாட்டிய கருவியைப் பார்த்த தாதி முகத்தை மாற்றிக்கொள்ளாமல் நடையை மட்டும் வேகமாக்கினார். பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. பதற்றத்தை மறைக்கத் தெரிந்தவர்கள் வேகமாக நடந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

தனிமை அறையில் இரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் அமீது பாய். நாசி கண்டார் என்னும் சோறு-கறிக் கடை நடத்துகிறவர். ஆக்சிஜன் குழாயோடு என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது அவர் தன் முகமூடியை இறக்கி உற்றுப் பார்த்தார்.

“யா அல்லா! இன்ஸ்பெக்டர் அண்ணனா? இங்கேயும் சோதனை பண்ண வந்துட்டீங்களா?”

என்னால் பேச முடியவில்லை. கையை மட்டும் தூக்கினேன்.

“பேசாதீங்க, பேசாதீங்க. நீங்க பேசாம இருக்கிறதை நான் இப்பத்தான் முதல் தடவையா பாக்கிறேன் லா.”

டைபாய்டு வந்த அவருடைய சமையல்காரரை நான் அடுப்படியை விட்டு நிறுத்தி வைத்த கதையை, என் காய்ச்சல் இறங்கும்வரை அவர் மூன்று விதமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் கொடியவனாகிக்கொண்டே போனேன். என்றாலும், நான் இருமிக் களைத்துக் கிடக்கும்போது தாதியை அழைக்கும் மணியை அழுத்தியவரும் அவர்தான். “மனுசன் சாகக் கூடாது சிஸ்டர், இன்னும் என்கிட்ட இவருக்கு ஏச்சு பாக்கி இருக்கு” என்பார்.

காய்ச்சல் விட்டது, ஆக்சிஜனை எடுத்தார்கள். ஆனால் வயிறு கட்டுப்படவில்லை. இந்த நோயில் வயிற்றுப்போக்கும் ஓர் அறிகுறிதான், பலருக்குத் தெரியாது. பயிற்சி மருத்துவர் ஒருவர் மலத்தைச் சோதிக்க எழுதினார். அதில் தவறில்லை. ஆய்வகத்தில் இருந்த இயந்திரம் ஒரே குப்பியில் பல கிருமிகளைத் தேடுகிற வகை. வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கொரோனா வைரஸ் மட்டும் ‘உண்டு’ என்று வந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற யாரையாவது இதே குழியில் தள்ளினால் உதவும்.

இந்த வைரஸ் நுழைகிற வாசல் மூக்கிலும் நுரையீரலிலும் மட்டும் இல்லை, குடலின் உட்சுவரிலும் இருக்கிறது. ஆகவே சிலருக்கு மலத்தில் வைரஸின் அடையாளம் தெரியும். மூக்கிலும் தொண்டையிலும் இல்லையென்றான பிறகும் வாரக்கணக்கில் தெரியலாம். பிசிஆர் சோதனை தேடுவது வைரஸின் மரபுப் பொருளின் துணுக்கை. துணுக்கு கிடைத்தால் ‘உண்டு’ என்று சொல்லும். அது உயிருள்ள வைரஸின் துணுக்கா, செத்ததின் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. மலத்திலிருந்து உயிருள்ள வைரஸை வளர்த்தெடுக்க முயன்றவர்களுக்கு அது அபூர்வமாகவே கிடைத்திருக்கிறது. இந்த நோய் மலம் வழியாகப் பரவுவது முக்கிய வழி என்பதற்கும் சான்று இல்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், கடையை மூடிய பிறகும் சாக்கடையில் எண்ணெய் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே அடுப்பு எரிகிறது என்று சம்மன் எழுத முடியாது.

நோயாளி செய்ய வேண்டியது எளிது. கழிப்பறையின் மூடியை மூடிவிட்டு நீரைத் திறந்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். நோய் இருக்கும் நாட்களில் முடிந்தால் தனிக் கழிப்பறை, முடியாவிட்டால் உபயோகித்த பின் துடைத்துவிடுவது. அவ்வளவுதான். அந்தத் துணுக்கைக் காட்டி உங்களைச் சிறை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

என்னைச் சிறை வைத்தவர் டாக்டர் பிரேம். மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். அமீது பாயை வீட்டுக்கு அனுப்பிய அதே காலையில் என் கட்டிலுக்கு வந்தார். அமீது பாய் என்னைவிட அதிகமாக இருமிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய மலத்தை யாரும் கேட்கவில்லை, ஆகவே அவர் சுத்தமானவர்.

“அங்கிள், உங்க ஸ்டூல் இன்னும் பாசிட்டிவ். நீங்க கேரியர், கிருமியைச் சுமக்கிறவர். தொடர்ந்து மூணு தடவை நெகட்டிவ் வந்தாத்தான் விடலாம்.”

எனக்கு ஒரு கணம் காது சூடானது. அந்த வாக்கியத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அது என்னுடைய வாக்கியம். டைபாய்டுக்கு உரியது. பாக்டீரியாவுக்காக எழுதிய விதியை இந்த மனிதர் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஒரு வைரஸின் தலையில் கவிழ்த்திருந்தார்.

“எந்த விதிப்படி?” என்றேன்.

“எஸ்.ஓ.பி., அங்கிள். எங்க நடைமுறை விதி.”

“அதைக் காட்டுங்க.”

“அது ஸ்டாஃபுக்கு மட்டும்.”

“உங்க முதுகுக்குப் பின்னால கதவுல ஒண்ணு ஒட்டியிருக்கு. நாலாவது பத்தி. அது யாருக்கு?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “அங்கிள் ரெஸ்ட் எடுங்க” என்றார். படித்தவர்கள் வயதானவர்களைத் தோற்கடிக்கப் பயன்படுத்துகிற வாக்கியம் அது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் நின்ற அமீது பாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போனதும் சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

“மூணு தடவை! அண்ணே, என் சமையல்காரனுக்கு நீங்க சொன்னதுதானே! அவன் அழுதான், நீங்க அசையலையே!”

“பாய், அது டைபாய்டு. அதுக்கு அந்த விதி சரி. இன்னைக்கு வந்தாலும் நிறுத்தித்தான் வைப்பேன்.”

“தெரியும் லா. அதான் உங்களை எனக்குப் பிடிக்கும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தாளை விடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தீவில் என்னை அதிகம் வெறுத்த மனிதரின் ஆசீர்வாதம் அது.

அதுவரை இது வெறும் எரிச்சல். பகையாக மாறியது மறுநாள்.

டாக்டர் பிரேமின் அலுவலகத்திலிருந்து யாரோ ஒருவர் என் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். உங்கள் கணவரின் மலத்தில் வைரஸ் இருக்கிறது, கழிப்பறையைத் தினமும் பிளீச் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள் என்று சரசுவிடம் சொல்லியிருக்கிறார். நான் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தி எத்தனையோ நாளாகியிருந்தது. நான் அவர்களுடைய கட்டிலில், அவர்களுடைய கழிப்பறையைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். இதை யோசிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஆனால் சரசு, ஆஸ்பத்திரியில் சொன்னால் செய்கிறவள். வாளி நிறைய பிளீச் கலந்து, மண்டியிட்டுத் தேய்த்து, எழுந்தபோது வழுக்கி விழுந்தாள்.

கவிதாவின் அழைப்பு வந்தது. புக்கிட் தெங்காவில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். “அப்பா, அம்மா விழுந்துட்டாங்க. இடுப்புல எலும்பு உடைஞ்சிருக்காம். இங்கதான் கொண்டாந்திருக்கோம். நீங்க டென்ஷனாகாதீங்க.”

இங்கே என்றால் அதே மருத்துவமனை. எனக்கு இரண்டு மாடி கீழே.

தொடை எலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிவு. இந்த வயதில் அப்படி முறிந்தால் எவ்வளவு சீக்கிரம் அறுவை செய்கிறார்களோ அவ்வளவு நல்லது. படுத்துக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் தசை கரையும், நெஞ்சில் சளி கட்டும், தோல் புண்ணாகும். எலும்பு மருத்துவர் இளைஞர், நல்லவர். மறுநாளே செய்கிறேன் என்று கவிதாவிடம் சொல்லியிருந்தார். மறுநாள் செய்யவில்லை. அதற்கு மறுநாளும் செய்யவில்லை.

“ஏன்?” என்று போனில் கவிதாவைக் கேட்டேன்.

அவள் தயங்கினாள். “அப்பா… அம்மா உங்களோட கான்டாக்ட்டாம். நீங்க கிளியர் ஆகணுமாம். அது வரைக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகக் கூடாதாம்.”

“அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?”

“ரெண்டு தடவை. ரெண்டுமே நெகட்டிவ்.”

அதாவது, மூக்கில் கிருமி இல்லாத, காய்ச்சல் இல்லாத ஒரு பெண்ணின் எலும்பு, இரண்டு மாடி மேலே இருக்கும், நோய் தீர்ந்த ஒருவனுடைய மலத்துக்காகக் காத்திருந்தது. நான் ஆய்வாளனாக இருந்த காலத்தில் எத்தனையோ முட்டாள்தனங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக அடுக்கிய முட்டாள்தனத்தைப் பார்த்ததில்லை.

சரசுவோடு தொலைபேசியில் பேசினேன். காலில் எடை கட்டி இழுத்து வைத்திருந்தார்கள். வலி மருந்தில் குரல் குழறியது.

“உங்க வயிறு எப்படி இருக்கு?” என்றாள்.

“என் வயித்தை விடு. உன் வலி எப்படி?”

“வலிக்குதுதான். இந்தத் தாதிப் பிள்ளை நல்ல பிள்ளை, தலை வாரி விட்டுச்சு. உங்களைப் பத்திக் கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் மேல சிறையில இருக்காருன்னு சொன்னேன்.” “ஏங்க, சீக்கிரம் எதாச்சும் பண்ணுங்க. என்னால மூச்சு இழுக்க முடியலை.”

எங்கள் திருமண வாழ்க்கையில் அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவளைச் சக்கர வண்டியில் ஏற்றி அறுவைக் கூடத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அதைத் தவிர எனக்கு அப்போது வேறு நோக்கம் இல்லை. பழி பிறகு. பழிக்கு அவசரம் கிடையாது.

சத்தம் போட்டுப் பார்க்கலாம். சத்தம் போடுகிற கிழவர்களை எப்படிக் கையாள்வது என்பதற்கு எல்லா மருத்துவமனையிலும் பயிற்சி உண்டு. அரசியல்வாதியைப் பிடிக்கலாம். அவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதிகாரிகள் வாயால் எதையும் சொல்வார்கள், கையெழுத்து என்றதும் பேனா தொலைந்துவிடும். நானே அதிகாரியாக இருந்தவன், எனக்குத் தெரியாதா?

சாப்பாட்டுத் தட்டோடு வந்த காகிதத்தின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். “இந்த நோயாளியின் கணவருடைய மலத்தில் வைரஸின் துணுக்கு காணப்படுவதால், இருமுறை சோதித்தும் தொற்று இல்லாத இவருடைய இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சையை நிறுத்தி வைத்துள்ளேன். இதனால் நேரும் பின்விளைவுகளை அறிந்தே இம்முடிவை எடுத்துள்ளேன்.” கீழே கையெழுத்துக்கு இடம், பெயருக்கு இடம், பதவிக்கு இடம்.

இதைப் போனில் படமெடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன், அவள் மூன்று படிகளாகத் தட்டச்சு செய்து எடுத்து வந்தாள். ஒன்று டாக்டர் பிரேமுக்கு, ஒன்று எலும்பு மருத்துவருக்கு, ஒன்று நிர்வாக இயக்குநருக்கு. இன்று மாலைக்குள் கையெழுத்திட்டுத் தரவும், தர மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தை எழுதித் தரவும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்.

டாக்டர் பிரேம் ஓடி வந்தார். இந்த முறை கதவுக்கு வெளியே நின்று பேசினார்.

“அங்கிள், எதுக்கு இவ்ளோ சீரியஸ்? வாயால பேசித் தீத்துக்கலாம் லா.”

“வாயால பேசினதுதான் என் வீட்டு பாத்ரூம் வரைக்கும் வந்து என் மனைவி காலை ஒடைச்சிருக்கு. கையெழுத்துப் போடுங்க.”

“இப்படியெல்லாம் நாங்க சைன் பண்றதில்லை.”

“பண்றதில்லைன்னு எழுதிக் கொடுங்க.”

யாரும் கையெழுத்திடவில்லை. ஆனால் சரசுவின் பெயர் மறுநாள் அறுவைப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. எந்த விதி மாறியது, எப்போது மாறியது என்று யாரும் சொல்லவில்லை.

அறுவை நன்றாக முடிந்தது. அதற்குள் குதிகாலில் புண் வந்திருந்தது, நெஞ்சில் சளி கட்டியிருந்தது. எலும்பு மருத்துவர் என்னிடம் பின்னர் நேராகவே சொன்னார்: “அங்கிள், முதல் நாளே செஞ்சிருந்தா இந்நேரம் நடக்கப் பழகியிருப்பாங்க.” அவர் தலைகுனிந்து சொன்னார். அந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்த ஒரே ஆள்.

என்னையும் அன்றே விடுவித்தார்கள். மூன்று நெகட்டிவ் தேவைப்படவில்லை, ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஆனால் அன்று காலை அவர்கள் கேட்டபடி நான் நிரப்பி வைத்திருந்த மலக் குப்பியை எடுத்துப் போக யாரும் வரவில்லை. நடைமுறை தெரிந்தவன், மாதிரியை வீணாக்க மாட்டேன். மூடியை இறுக்கி, பெயர் எழுதி, இரட்டைப் பையில் போட்டு, ‘கோரியவர்: டாக்டர் பிரேம்’ என்று சீட்டு ஒட்டி, மாதிரிகள் கொண்டு செல்லும் பெட்டியில் வைத்துத் தாதியிடம் கொடுத்தேன். சேர்ந்ததா என்று மாலையில் போன் செய்தும் கேட்டேன். சேர்ந்திருந்தது.

பிறகு நிதானமாக என் வேலையைத் தொடங்கினேன். நிர்வாகத்துக்குக் கடிதம். அதில் ஒரே கேள்வி: எந்த விதியின் கீழ்? பதில் இல்லை. நினைவூட்டல். பதில் இல்லை. மேலிடத்துக்கு நகல் போட்டு இன்னொரு நினைவூட்டல். வாடிக்கையாளர் சேவையிலிருந்து இனிமையான குரலில் ஒரு பெண் அழைத்தாள்.

“அங்கிள், ஆன்ட்டி எப்படி இருக்காங்க? நாங்க கேஸை க்ளோஸ் பண்ணிடலாமா?”

“என் கேள்விக்கு என்ன பதில்மா?”

“அதுக்குத்தான் ஒரு சின்ன கூடை அனுப்பியிருக்கோம் அங்கிள்.”

பழக்கூடை வந்தது. ஆரஞ்சு, பிஸ்கட், ஆட்டுப்பால் சோப்பு, சீக்கிரம் குணமடைய வாழ்த்து. நான் ஆய்வாளனாக இருந்தபோது எனக்குக் கூடை அனுப்பிய கடைகளின் கதி இந்த ஊருக்குத் தெரியும். கூடையைப் படம் பிடித்து, என் கடிதத்துக்கு இணைப்பாகச் சேர்த்து, கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு ஆரஞ்சு குறைவாகப் போனது. சரசு எடுத்துவிட்டாள்.

டாக்டர் பிரேமை ஒருமுறை கடைத்தெருவில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். நானும் கடந்தேன். மீன் கடை முன்னால் நின்று, “டாக்டர், வயிறு நல்லாயிருக்கா?” என்று எல்லோரும் கேட்கும்படி விசாரித்தேன். அதற்கு வருந்துகிறேனா என்று கவிதா கேட்டாள். இல்லை.

கடைசியில் பதில் வந்தபோது சரசு வாசலில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடக்க உதவும் இரும்புச் சட்டம் பக்கத்தில். தைப்பூசம் முடிந்து மலைக்கோயிலிலிருந்து சாமியின் வெள்ளி ரதம் திரும்பும் நாள், எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும் என்று, முன்னால் உடைக்கத் தேங்காயோடு காத்திருந்தாள். முன்பெல்லாம் அவளே ரதத்தோடு நடப்பாள்.

கடிதத்தை நின்றபடியே உரக்கப் படித்தேன். நான் சுட்டிய விதியே செல்லுபடியாகும் விதி. மல மாதிரியில் தொடர்ச்சியாக மூன்று முறை தொற்றில்லாமை கோருவது குடல் காய்ச்சலுக்கான நடைமுறை, தவறாகப் பயன்படுத்தப்பட்டது. அது திரும்பப் பெறப்பட்டு, எல்லா வார்டுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பப்பட்டுள்ளது. பொறுப்பாளர் அப்பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டுள்ளார். இயக்குநரின் கையெழுத்து, முத்திரை. நான் கேட்டதற்கு முழுப் பதில். ஒரு வரிகூடக் குறைவில்லை. பொறுப்பாளரை விலக்கிய அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

சரசு கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என் காலு எங்க இருக்கு?”

நான் வாங்கித் திரும்பவும் பார்த்தேன். இல்லை.

“அடுத்த கடிதத்துல கேக்கிறேன்” என்றேன்.

“கேளுங்க, கேளுங்க” என்றாள், சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றபடி. “அவனுங்க அதுக்குப் பதில் போடுறதுக்குள்ள நானே நடந்து போய்க் கேட்டுட்டு வந்துருவேன். இந்தத் தேங்காயைப் பிடிங்க.”

தேங்காயை வாங்கிக்கொண்டேன். அதற்கு முன், அலுவலகப் பழக்கம், கடிதத்தின் மூலையில் பேனாவால் குறித்தேன்: பெறப்பட்டது, தைப்பூசத்துக்கு மறுநாள்.